பில்லின் அடியில் உள்ள பொடி எழுத்து

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போய் மிக்ஸி வாங்கி வந்தேன். மூன்றாம் நாளே மோட்டார் புகைந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனால், பில்லின் அடியில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியின் மேல் கடைக்காரர் விரலை வைக்கிறார். சலவைக் கடை, வண்டி நிறுத்துமிடம், கல்யாண மண்டபம் என எங்கு பார்த்தாலும் 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகைதான். இவையெல்லாம் செல்லுமா?

பதில்: உங்கள் மிக்ஸியைப் பொறுத்தவரை அந்த வரி செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. 'நிறம் பிடிக்கவில்லை' என்று திருப்பிக் கொடுப்பது வேறு. அதற்குக் கடைக்காரர் மறுக்கலாம்.

சலவைக் கடை விஷயம் பழையது. துவைக்கக் கொடுத்த புதுச் சேலை தொலைந்துபோன ஒரு வழக்கில், ரசீதின் பின்புறம் 'தொலைந்தால் விலையில் 15 சதவீதம் மட்டுமே தரப்படும்' என்று அச்சிட்டிருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 1960-களிலேயே ஏற்கவில்லை. தொலைத்தவருக்கே லாபம் தரும் அப்படிப்பட்ட நிபந்தனை பொதுநலனுக்கு எதிரானது என்பதே காரணம். வண்டி நிறுத்துமிடத்தில், சாவி யார் கையில் இருந்தது என்று பாருங்கள். ஊழியர் சாவியை வாங்கிக்கொண்டு ஹோட்டலில் நிறுத்திய கார் 1998-இல் டெல்லியில் திருடு போன வழக்கில், 'வண்டி உரிமையாளரே பொறுப்பு' என்று சீட்டில் அச்சிட்டதால் மட்டும் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியது. நீங்களே நிறுத்திப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோயிருந்தால் வழக்கு அவ்வளவு எளிதல்ல.

பிறகு ஏன் எழுதி வைக்கிறார்கள் என்றால், படித்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போகிறவர்களை நம்பித்தான். எனக்கு இதில் கோபம் வருவது வேறொரு காரணத்தால். பாலக்காட்டில் ஒரு வாகன நிறுத்துமிடப் பலகையில் ஆறு வரிகள் இருந்தன. ஐந்து 'பொறுப்பல்ல', ஆறாவது 'தரை சரிவாக உள்ளது, கைப்பிரேக்கைப் போடவும்'. உண்மையிலேயே தேவையான அந்த ஒரு வரியை, வண்டியை எடுக்கத் திரும்பி வந்தபோதுதான் நானும் படித்தேன்.

'கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்றும் உங்கள் பில்லில் இருக்கக்கூடும். அதைக் கண்டு தயங்க வேண்டாம். 2019 சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டுகள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பில்லை மட்டும் இன்றே நகலெடுத்து வையுங்கள். அந்த வழவழப்பான தாளில் அடித்த எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும்.