பதில்: குழந்தை அறையில் ஓதமடித்த சுவர், வால்பேப்பர் ஒட்டலாமா?

வேளச்சேரி வாடகை வீடு, ஏழு மாதக் கர்ப்பம், பாத்ரூமை ஒட்டிய சுவரில் பெயிண்ட் உரிகிறது என்றீர்கள். வால்பேப்பர் வேண்டாங்க, பின்னால் பூஞ்சை பிடிக்கும். முதலில் ஒன்றரை அடி பாலிதீன் தாளை நாலு ஓரமும் செலோடேப்பால் மூடிச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்துதான் வருகிறது. ஹவுஸ் ஓனர் பாத்ரூம் குழாய்க் கசிவை அடைக்கும் முன் நீங்கள் பெயிண்ட் வாங்கினால் காசு தண்டம்.

சுவர் நன்றாகக் காய்ந்ததும் உப்புப் பூத்ததை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். பிறகு பட்டி, உப்புத்தாள், பிரைமர். அதன் மேல் எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட். 'லோ விஓசி' (காற்றில் ஆவியாகும் ரசாயனம் குறைந்தது) என்று போட்ட டப்பாவாகப் பாருங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், சுரண்டும்போது நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.