மழலையர் பள்ளிக் கட்டடம் குழந்தையின் மனத்துக்கு ஏற்ப எப்படி அமைய வேண்டும்?

முதலில் முழந்தாளிட்டு, மூன்று வயதுக் குழந்தையின் கண்மட்டத்திலிருந்து அந்த இடத்தைப் பாருங்கள். சென்னையில் வாடகை வீட்டைப் பள்ளியாக்கும்போது ஜன்னல் விளிம்பு பெரும்பாலும் மூன்றடி உயரத்தில் இருக்கும். தரையில் உட்காரும் பிள்ளைக்குச் சுவர்தான் தெரியும். அந்த விளிம்பை ஒன்றரை அடிக்குத் தாழ்த்தி, உறுதியான கம்பி போடுங்கள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, அலமாரியும் நாற்காலியும் குழந்தையின் அளவில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். மிரண்ட பிள்ளை ஒதுங்கி உட்கார, ஆசிரியர் பார்வையிலேயே ஒரு சிறு மூலையும் வேண்டும்.

ஓட இடமில்லை என்பார்கள். டோக்கியோ அருகே 2007இல் உருவான ஃபுஜி மழலையர் பள்ளியில் நீள்வட்டக் கூரையே ஓடுகளம். நம் வெயிலுக்கு மொட்டை மாடி ஆகாது. வேப்பமர நிழலும் மண் தரையும் போதும். கழிப்பறையை வகுப்பை ஒட்டியே கட்டுங்கள். இருட்டுக்குப் பயந்து அடக்கிக்கொண்டே இருக்கும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.