கோல்டன் காயில் திருப்பி அனுப்பினால் வயதா காரணம்?

வயது காரணம் இல்லை. டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் சின்னச் சின்ன பார்கள் நெருக்கியடித்து நிற்கும் சந்துகள்தான் கோல்டன் காய். அங்கே அறுபது தாண்டிய வாடிக்கையாளர்கள் சர்வசாதாரணம். 68 வயதில் நீங்களும் மனைவியும் போனபோது இரண்டு பார்களில் கையசைத்து அனுப்பியதற்குப் பெரும்பாலும் இடம்தான் காரணம். ஆறு சந்துகளில் 200-க்கும் மேற்பட்ட கடைகள். பலவற்றில் பத்துப் பேர்கூட உட்கார முடியாது. சில கடைகள் பழகிய முகங்களுக்கு மட்டும்தான்.

அடுத்த முறை கதவைப் பாருங்கள். ஆங்கிலத்தில் விலைப்பட்டியலும் இருக்கைக் கட்டணமும் எழுதியிருந்தால் புதியவர்கள் வரலாம் என்று அர்த்தம். இல்லையென்றால் தட்டிப் பார்க்காமல் நகர்ந்துவிடுங்கள். இரவு எட்டு, எட்டரை மணிக்கே போனால் இடம் கிடைக்கும். இருக்கைக் கட்டணம் குடிக்கும் செலவோடு சேராது, தனி. அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

முழங்கால் வலி உண்டா? அப்படியானால் மாடிக் கடைகளை விட்டுவிடுங்கள். படிகள் ஏணி மாதிரி செங்குத்து, ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு.

அப்புறம் ஒன்று. பக்கத்தில் இரவுக் கேளிக்கைக்குப் பேர்போன கபுகிச்சோ தெருக்களில் "வாங்க, மலிவு" என்று கூப்பிடுபவர் பின்னால் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் போகாதீர்கள், பில் வேறு மாதிரி வரும். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், தவறவிட்டால் டாக்சிதான்.