தூண்டில் இரைக்கு என்ன பூசலாம்? வாவிக்கரையில் இருந்து சில பதில்கள்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியிலும் பாலமீன்மடு முகத்துவாரத்திலும் சின்ன வயதில் இருந்தே தூண்டில் போடுகிறவன் நான். வீட்டில் கிடக்கிற சாமான் எதைப் பூசினால் மீன் கொத்தும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதுகிறேன்.

ஏறாவூரில் இருந்து: அண்ணன், டபிள்யூ.டி. 40 என்ற ஸ்பிரேயை இரையில் அடித்தால் மீன் ஓடி வரும், அதில் மீன் எண்ணெய் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

இல்லை தம்பி. அது 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் இரும்பு கறள் பிடிக்காமல் இருப்பதற்காகச் செய்த சாமான். நீரை விலக்கும் நாற்பதாவது கலவை என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். உள்ளே இருப்பது பெற்றோலிய எண்ணெய். மீன் எண்ணெய் கிடையாது என்று கம்பனியே சொல்லிவிட்டது.

தண்ணீரை விலக்குவதற்கென்றே செய்த ஒன்று தண்ணீரில் எப்படிக் கரையும்? கரையாத வாசனை மீனுக்கு எட்டாது. மீனின் மூக்கு மூச்சு விடுவதற்கு இல்லை. ஒரு துவாரத்தால் தண்ணீர் உள்ளே போய் மற்றதால் வெளியே வரும், அந்தத் தண்ணீரில் கரைந்திருப்பதைத்தான் அது மணக்கிறது. நமக்கு மூக்கைத் துளைக்கிற சாமான் எல்லாம் மீனுக்கு வாசனை என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அது ரீலுக்கும் கராஜுக்கும் நல்ல சாமான், வாவிக்குள் அடிக்காதீர்கள்.

களுவாஞ்சிகுடியில் இருந்து: அப்போ குசினியில் இருக்கிறதில் எது உண்மையாக வேலை செய்யும்?

மாசிக் கருவாடும் கூனியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீனை இழுப்பது அமினோ அமிலங்கள். இறாலிலும் கணவாயிலும் கிளைசின், பீட்டைன் என்று இரண்டு பொருள் நிறைய இருக்கிறது, இரண்டும் தண்ணீரில் உடனே கரையும். கூனி என்பது பொடி இறால்தானே. கடையில் போத்தலில் விற்கிற வாசனைத் தைலத்தின் வேலையை நம் வீட்டுப் பேணியில் இருக்கிற கூனி செய்துவிடும்.

நான் செய்கிற விதம் இதுதான். முதல் நாள் பாண், நடுப்பகுதி மட்டும், கரை வேண்டாம். ஒரு கைபிடி கூனியை வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டி அம்மியில் பொடியாக்குங்கள். மாசி இருந்தால் ஒரு துண்டு இடித்துச் சேருங்கள். பாணைத் தண்ணீரில் முக்கி, கையால் நன்றாகப் பிழிந்து, பொடியைப் போட்டுப் பிசைய வேண்டும். கடைசியில் கொஞ்சம் கோதுமை மா. எவ்வளவு மா என்பதை விரல்தான் சொல்லும்: உருட்டினால் விரலில் ஒட்டக் கூடாது, நசித்தால் வெடிக்கவும் கூடாது. சுண்டங்காய் அளவு உருண்டையைத் தூண்டில் முள்ளில் குத்தி ஒரு கோப்பைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மேலே இருந்து தூள் தூளாகக் கழன்று கோப்பை மெதுவாகக் கலங்க வேண்டும், உருண்டை மட்டும் முள்ளிலேயே நிற்க வேண்டும். அப்படி நின்றால் திரளி மீனுக்கும் ஓரா மீனுக்கும் சரி.

காத்தான்குடியில் இருந்து: மார்மைட், அஜினமோட்டோ கலக்கலாமா? உள்ளி?

மார்மைட் நல்ல யோசனை. ஈஸ்ட் சாறு அது. அதிலும் அஜினமோட்டோவிலும் இருப்பது குளூட்டமேட், அதுவும் ஒரு அமினோ அமிலத்தின் உப்புத்தான், தண்ணீரில் கரையும். அரைத் தேக்கரண்டி போதும், கூடினால் மா இளகிவிடும். உள்ளியைச் சிலர் சத்தியம் பண்ணிச் சொல்கிறார்கள். எனக்கு அதனால் மீன் கூடினதாகத் தெரியவில்லை, ஆனால் கையில் இருக்கிற மற்ற மணத்தை மூடும். அதற்காகப் போடுகிறேன்.

வாழைச்சேனையில் இருந்து: மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் மீன் சேரும் என்று எங்கள் மாமா சொல்கிறார்.

மாமாவோடு வாக்குவாதம் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். ஒரு விடியல் முகத்துவாரத்துக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் குழாய் கழன்றுவிட்டது. கையால் மாட்டிவிட்டு, அதே கையால் இறாலை முள்ளில் குத்தினேன். பக்கத்தில் இருந்தவருக்கு மணலை மீன் ஒன்றுக்கு மேல் ஒன்று, எனக்கு ஒரு கொத்துக்கூட இல்லை. எட்டு மணிக்கு மணலால் கை தேய்த்துக் கழுவி, புது இறால் போட்ட பிறகுதான் தங்கூசி நூல் அசைந்தது.

வெறும் கையிலேயே விஷயம் இருக்கிறது. வட அமெரிக்காவில் சாமன் மீன் ஏறி வருகிற ஆற்றில், மனிதர் கை கழுவின தண்ணீரை மீன் வருகிற வழிக்கு மேற்பக்கத்தில் ஊற்றிப் பார்த்தார்கள். மீன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டது. நம் தோலில் இருக்கிற செரின் என்ற அமினோ அமிலம்தான் காரணம் என்று பிறகு கண்டார்கள். நம் மீனும் அப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் நுளம்புத் தைலம் பூசின கையால் இரையைத் தொடாதீர்கள்.

கல்முனையில் இருந்து: கொடுவாவுக்கு எதைப் பூச?

எதுவும் வேண்டாம். அது கண்ணாலும், தண்ணீர் அதிர்வதை உடம்பால் உணர்ந்தும் வேட்டையாடுகிற மீன். உயிர் இறால், உயிர்த் திரளிக் குஞ்சு, அவ்வளவுதான்.

திருக்கோவிலில் இருந்து: கடற்கரையில் அலை அடித்து மா உருண்டை கழன்று போகிறது. தேங்காய் எண்ணெய் விட்டால் பிடிக்குமா?

பிடிக்காது, எண்ணெய் மேலே மிதந்து போய்விடும், அடியில் மேய்கிற கிழக்கனுக்கு அதனால் பயன் இல்லை. திறந்த கடலில் மா உருண்டையை விட்டுவிடுங்கள். இறாலைத் தோலுரித்துக் கல்லுப்பில் ஒரு இரவு வையுங்கள். உப்பு சதையில் இருக்கிற நீரை இழுக்க, அது இறுகி ரப்பர் மாதிரி ஆகும், எறிந்தாலும் கழலாது. அதன் மேல் மாசித் தூளைப் பிரட்டி எறியுங்கள்.

அக்கரைப்பற்றில் இருந்து: அண்ணா, மகன் சவர்க்காரத் துண்டை முள்ளில் கொளுவுகிறான். ஆபத்தா?

தங்கச்சி, அது அமெரிக்க ஆறுகளில் கெழுத்திக்குப் போடுகிற பழக்கம். பழைய சவர்க்காரம் மாட்டுக் கொழுப்பில் செய்தது, அதனால் மீன் வந்திருக்கும். இப்போதையதில் பல அப்படி இல்லை, நுரையும் தண்ணீருக்குக் கூடாது. மகனுக்குப் பாணைக் கொடுங்கள். அதைவிட முக்கியமாக, ஓராவின் முள்ளிலும் கெழுத்தியின் முள்ளிலும் விஷம் இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். குத்தினால் தோல் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்து, வலி விடாவிட்டால் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பெயர் போடாத ஒருவர்: தண்ணீரில் மருந்து கலந்தால் மீன் மயங்கி மேலே வருமாமே?

இதற்கு நான் வழி சொல்ல மாட்டேன். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் சட்டம் நஞ்சையும் வெடியையும் தடுத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்கக் கூடாத கேள்வி இது. குஞ்சும் முட்டையும் சேர்த்துச் சாகும், அதே தண்ணீரில் உயிர் வாழ்கிற குடும்பங்கள் எத்தனை!

கல்லாற்றில் இருந்து: மாரியில் வாவி கலங்கி உப்புக் குறைந்துவிடுகிறது. அப்போதும் இந்தக் கலவை சரிவருமா?

அப்போதுதான் கூடச் சரிவரும். கலங்கல் தண்ணீரில் மீனுக்குக் கண் உதவாது, மணத்தைப் பிடித்துத்தான் வரும். ஆனால் முகத்துவாரத்து மணல் வெட்டு உடைந்து, கடலுக்குப் போகிற நீரோட்டத்தின் இழுவை கூடின நாட்களில் மணம் நேரே கடலுக்குப் போய்விடும், அதனால் இழுவைக்கு ஓரமாக, தண்ணீர் சுழன்று நிற்கிற இடத்தில் போடுங்கள். உடம்பு முழுக்கச் சுவை மொட்டு இருக்கிற கெழுத்திதான் முதலில் வரும். கூனியை ஒரு கைபிடி கூடப் போட்டுப் பாருங்கள்.