கோவிட்டுக்குக் கபசுரக் குடிநீர் என்ற சித்த மருந்துக் கஷாயத்தைக் குடித்தவர்கள்தான் பிழைத்துவிட்டார்களே, அப்புறம் எதற்கு அந்த மருந்தை ஆய்வு செய்து பார்க்க வேண்டும்?

எங்கள் அம்மாவும் 2020லிருந்து இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த ஜூலையில் வீட்டில் ஐந்து பேருக்கும் பாசிட்டிவ். அம்மா கபசுரப் பொடியைக் கொதிக்கவைத்து, நாலில் ஒரு பங்காகச் சுண்டியதும் வடிகட்டி ஆளுக்கொரு டம்ளர் நீட்டுவார். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தோம். தம்பி மட்டும் அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் வாஷ்பேசினில் ஊற்றிவிடுவான். பத்து நாளில் அவனும் சேர்த்து ஐந்து பேருமே தேறிவிட்டோம். குட்டு உடைந்தபோது அம்மா அசரவில்லை. "அவனுக்கும் சேர்த்து நாம நாலு பேர் குடிச்சோம்ல!"

கோவிட் வந்தவர்களில் பெரும்பாலோர் எந்த மருந்தும் இல்லாமலே தேறிவிடுகிற ரகம். அப்படிப்பட்ட நோயில் எதைக் குடித்தாலும் குடித்ததற்குப் பெயர் கிடைத்துவிடும், அது மிளகு ரசமாக இருந்தாலும் சரி. குடிக்காதவர்களை விட எத்தனை பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்று பார்த்தால்தான் மருந்தின் யோக்கியதை தெரியும். அதற்கு என் தம்பி மாதிரி ஆட்கள் வேண்டும், நூற்றுக்கணக்கில் வேண்டும். யார் குடிக்கிறார், யார் குடிக்கவில்லை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல முடிவு செய்ய வேண்டும். அவரவரே தேர்ந்தெடுத்துக்கொண்டால், உடம்பைப் பேணுகிறவர்கள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள்.

'சித்தாவை மட்டும் ஏன் சந்தேகப்படுகிறீர்கள்' என்று கோபப்படுகிறவர்களுக்கு: இந்தக் குலுக்கலில் அதிகம் அடி வாங்கியவை அலோபதி மருந்துகள்தான். மலேரியாவுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தடுப்பாக எடுத்துக்கொள்ளும்படி சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே (ஐசிஎம்ஆர்) 2020 மார்ச்சில் பரிந்துரைத்தது. சிகிச்சையாகவும் உலகம் முழுக்கக் கொடுத்தார்கள். பிரிட்டனில் நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து நடத்திய 'ரெக்கவரி' என்ற ஆய்வில் அதைச் சாப்பிட்ட நோயாளிகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 27 சதவீதம், சாப்பிடாதவர்களில் 25 சதவீதம். பயனில்லை என்று கதையை முடித்தார்கள்.

கோவிட்டிலிருந்து தேறியவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்து நோயாளிக்கு ஏற்றிய பிளாஸ்மா விஷயம் எனக்கு இன்னும் வலிக்கிறது. 2021 ஏப்ரலில் நண்பனின் அப்பாவுக்காக விடிய விடிய வாட்ஸ்அப் குழுக்களில் டோனர் தேடினேன். ஐசிஎம்ஆர் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து நடத்திய பிளாசிட் ஆய்வின் முடிவு அதற்கு ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் பிளாஸ்மா ஏற்றியவர்களில் 19 சதவீதம், ஏற்றாதவர்களில் 18 சதவீதம். சிகிச்சை நெறிமுறையிலிருந்து அதை நீக்கியதோ 2021 மே மாதம்தான்.

அதே ரெக்கவரி ஆய்வில் ஜெயித்தது டெக்சாமெத்தசோன், சல்லிசான பழைய ஸ்டெராய்டு. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 41 சதவீதத்திலிருந்து 29ஆகக் குறைந்தது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் எந்தப் பலனும் தெரியவில்லை. கெடுதல் கூட இருக்கலாம் என்றுதான் எண்கள் காட்டின. நம் ஊரில் காய்ச்சல் வந்த முதல் நாளே அதை வாங்கி விழுங்கியவர்கள் எத்தனையோ பேர்.

சரி, கபசுரத்துக்கு வருவோம். ஆய்வே நடக்கவில்லை என்பதும் தவறு. தமிழ்நாட்டில் கோவிட் தொற்றியும் அறிகுறி இல்லாத 60 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்குக் கபசுரமும் மறு பாதிக்கு வைட்டமின் சியும் ஜிங்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள். கபசுரம் குடித்தவர்களிடம் வைரஸ் அளவு கூடுதலாகக் குறைந்தது என்று 2021இல் கட்டுரை வெளிவந்தது. நல்ல தொடக்கம். ஆனால் அறுபதே பேர், அதுவும் நோயே காட்டாதவர்கள். மூச்சுத்திணறலையும் சாவையும் அது தடுக்குமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வு பதில் சொல்ல முடியாது, சொல்லவும் வரவில்லை.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தனக்குக் கிடைத்தது மருந்தா, வெறும் தண்ணீரா என்று நோயாளிக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது. சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, சீந்தில் என்று 15 சரக்கு சேர்கிற கபசுரத்தில் நிலவேம்பும் ஒன்று. அதற்கு ஈடாகக் கசக்கிற போலிக் கஷாயத்தை யார் காய்ச்சுவது? மாத்திரையாக்கினால், 'அது குடிநீரே இல்லையே' என்று வைத்தியர்கள் கேட்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

'ஆளுக்கு ஆள் வாத பித்த கபம் பார்த்து மருந்து மாறும், ஒரே மருந்தை எல்லாருக்கும் கொடுத்துச் சோதிக்க முடியாது' என்ற வாதத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு குழுவைச் சித்த மருத்துவரிடமே விட்டுவிடுங்கள், நாடி பார்த்து விருப்பம் போலக் கொடுக்கட்டும். இன்னொரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. ஒரு மாதம் கழித்து இரண்டு வார்டிலும் தலையை எண்ணுங்கள். இதற்குக் கசப்பும் தடையில்லை, நாடியும் தடையில்லை.