ஆமிஷ் ஊருக்கு ஒரு நாள்

கே: மகள் பிலடெல்பியாவில் இருக்கிறாள். ஆமிஷ், மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் வாழும் இடத்தை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?
- வாசகி, பாலக்கோடு

ப: தாராளமாக. அவர்கள் வாழும் லங்காஸ்டர் கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) காரில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு ஆமிஷ்காரர்கள் கடையைத் திறக்க மாட்டார்கள். தோட்டத்து வாசலிலேயே தக்காளி, சோளக்கதிர் எல்லாம் விற்பார்கள், சில இடங்களில் ஆளே இருக்காது, பெட்டியில் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் (நம் தக்காளி மண்டியில் இப்படி வைத்தால் பெட்டி மிஞ்சுமா!). முகத்துக்கு நேரே செல்போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள், போஸ் கொடுப்பதை அவர்கள் தற்பெருமையாக நினைப்பவர்கள். அப்புறம், ஆமிஷ்காரர்களைப் போல மெனோனைட்டுகள் எல்லாரும் குதிரை வண்டியில் வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1693 வாக்கில் யாக்கோப் அம்மான் தலைமையில் மெனோனைட்டுகளிடமிருந்து பிரிந்தவர்கள்தான் ஆமிஷ். மெனோனைட்டுகளில் பலர் கார் ஓட்டி, நம்மைப் போலவே உடுத்துகிறார்கள். ஷூஃப்ளை பை என்று வெல்லப்பாகு வாசனையில் ஒரு பலகாரம் கிடைக்கும், பாதித் துண்டே போதும், திகட்டிவிடும்.