கலையைப் படைப்பது கலைஞரா, பார்ப்பவரா?

பார்க்க ஆளே இல்லாவிட்டாலும் கலை கலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், பாதிக்கலைதான்.

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். அர்ச்சுனன் தவம் செய்யும் கதையை நடிக்கும் ‘அர்ச்சுனன் தபசு’ அன்று, அர்ச்சுனன் வேடம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சிக்குப் போனதும் எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாம் வீசுவார். கீழே பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். அவர் கையைவிட்டுக் கிளம்பும்போது அது சந்தையில் வாங்கிய பழம்தான். முந்தானையில் விழும்போது வரம். அந்த மாற்றம் யார் செய்தது?

துரியோதனன் போரில் வீழும் காட்சியான படுகளமும் அப்படித்தான். தரையில் கிடப்பது மண்ணால் செய்த துரியோதனன் உருவம். அதைச் சுற்றி எழும் ஒப்பாரியும் கண்ணீரும் நிஜம்.

1957-இல் ஹூஸ்டனில் பேசிய ஓவியர் மார்செல் துஷாம்ப்பும் படைப்புச் செயலைக் கலைஞர் தனியாகச் செய்து முடிப்பதில்லை என்றே சொன்னார்.

அதற்காகக் கலைஞரைச் சிறிதாக்கிவிடக் கூடாது. அரிதாரம் பூசி, மரத்தால் செய்த வேட அணிகளான கட்டைகளைச் சுமந்து, விடிய விடியத் தொண்டை கட்டாமல் பாடுகிற உழைப்பு அவருடையது. அந்தக் குரல் தளர்ந்தால் ஒரு முந்தானைகூட விரியாது.